ஐந்து நிமிடத்துக்கு ஒரு காரணம்

முதலில் கேட்டது எங்கள் வண்டியின் கண்டக்டர்தான். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாகக் கோட்டைப்பட்டினம் போகும் தனியார் பஸ்ஸை நான் ஓட்டத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அதற்கு முன்பு ஒன்பது வருடம் லாரி. வெளிமாநிலமெல்லாம் சுற்றி அலுத்துப்போய், தினமும் வீட்டுச் சாப்பாடு கிடைத்தால் போதும் என்று பஸ்ஸுக்கு வந்தவன் நான். கண்டக்டருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் நிற்பார்கள், யார் எந்தக் கிழமை வரமாட்டார்கள் என்பது வரைக்கும் அவருக்கு மனப்பாடம்.

அறந்தாங்கியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு வளைவு வரும். ரோட்டுக்கு ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் குடியிருப்பு. காலையில் எட்டரையிலிருந்து ஒன்பது மணி வரை பிள்ளைகள் குறுக்கே போய்க்கொண்டே இருப்பார்கள். வேகத்தடை கிடையாது. ஒரு காலத்தில் இருந்ததாம். புதிதாகத் தார் போட்டபோது அதோடு போய்விட்டது. வளைவை அடைத்துக்கொண்டு கருவேல மரங்கள் நிற்பதால் அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று கிட்டே போகிறவரை தெரியாது. அந்த இடம் வந்ததும் நான் இரண்டாவது கியருக்கு இறங்கிவிடுவேன். ஆள் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வண்டி நகரும். ஏர் ஹாரன் அடிக்க மாட்டேன். அடித்தால் பிள்ளைகள் மிரண்டு எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று சொல்ல முடியாது. இதே மாதிரி வழியில் இன்னும் மூன்று நான்கு இடங்கள் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு நடைக்கு ஐந்து நிமிடம் பிந்தும்.

பஸ் தொழிலில் ஐந்து நிமிடம் என்பது லேசான விஷயமில்லை. எங்களுக்கு ஏழு நிமிடம் கழித்து வேறு ஒரு முதலாளியின் வண்டி கிளம்பும். அது விரட்டிக்கொண்டு வரும். நாங்கள் ஐந்து நிமிடம் பிந்தினால் அது எங்களை முந்திக்கொண்டு அடுத்தடுத்த நிறுத்தங்களில் நிற்கிற கூட்டத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும்.

வண்டியில் ஏதும் கோளாறா என்று கண்டக்டர் கேட்டார். இல்லை, பிள்ளைகள் குறுக்கே வருகிறார்கள், அதனால்தான் மெதுவாகப் போகிறேன் என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் டீக்கடையில் நிற்கும்போது மறுபடியும் அதே பேச்சை எடுத்தார்.

"பிள்ளைங்க எல்லா டிரைவருக்கும் குறுக்கதாண்ணே வருது. யாரும் இப்படிப் போறதில்ல. ஒங்களுக்கு என்ன காரணம்னு கேக்குறேன்."

"மேல ஏத்திறக் கூடாதுல்லப்பா. அதான் காரணம்."

"அது சரிண்ணே. அது எல்லாருக்கும் உள்ளதுதான். அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு கேக்குறேன்."

அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அதைத்தான் சொன்னேன். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் எதையோ மறைக்கிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். எனக்குக் கண் சரியில்லை என்று ஒரு பேச்சு. நெஞ்சு வலி வந்திருக்கிறது என்று இன்னொரு பேச்சு. தினமும் எங்கள் வண்டியில் வருகிற ஒரு டீச்சர், இவர் வண்டியில் ஏறுவதென்றால் லீவு போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று எல்லோரும் கேட்கும்படி சொல்லுவார். அவர் வேறு ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர். அவரே இப்படிச் சொல்லும்போது நான் யாரிடம் போய் என்ன விளக்குவது?

எங்கள் முதலாளி கெட்ட மனிதர் இல்லை. மூன்று வண்டி வைத்திருந்தார். டிரைவர்களை மரியாதைக் குறைவாகப் பேச மாட்டார். என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டைப் பார்த்ததும் முதலாளியின் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்ததே, அதை என்னால் மறக்க முடியாது. கண்ணில் கோளாறு என்றால் கண்ணாடி போட்டுச் சரிசெய்திருக்கலாம். அடுத்து சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்க்கச் சொன்னார். அதிலும் ஒன்றும் இல்லை. பிறகு தயங்கித் தயங்கி, ஜோசியர் யாராவது கண்டம் இருக்கிறது, வண்டியில் கவனமாக இரு என்று ஏதும் சொன்னார்களா என்று கேட்டார். நான் ஜாதகமே பார்த்ததில்லை என்றேன்.

எனக்கு எரிச்சல் வந்தது இதனால் மட்டுமில்லை. எங்களுக்குப் பின்னால் வருகிற வண்டியை ஓட்டுகிறவர் ஒரு நாள் அந்த வளைவில் ஒரு ஆட்டை அடித்துவிட்டார். இன்னொரு நாள் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவரை ரோட்டோரப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். அவரிடம் யாரும் ஏன் இவ்வளவு வேகம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை. டைம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. நான் ஒரு முழு வாக்கியம் சொல்கிறேன், யாருக்கும் புரியவில்லை.

வீட்டிலும் அந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. ஒரு கல்யாண வீட்டில் கண்டக்டரின் மனைவி ஏதோ சொல்லியிருக்கிறார். காலையில் எனக்குச் சோறு கட்டிக்கொண்டே என் மனைவி கேட்டாள்.

"லாரி ஓட்டுறப்ப எதுவும் நடந்துச்சாங்க?"

"என்ன நடந்துச்சு?"

"இல்ல, எதுவும் நடந்திருந்தா எங்கிட்ட சொல்லலாம்."

ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் நம்பிய ஆள் ஆட்டுகிற மாதிரி இல்லை. எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டுவிட்டேன். சத்தம் போட்டதுதான் தப்பு. ஒன்றும் இல்லாதவன் எதற்கு இப்படிக் கத்துகிறான் என்று அவள் நினைத்திருப்பாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கோட்டைப்பட்டினத்தில் எங்கள் வண்டிக்கு இருபது நிமிடம் ஹால்ட். கண்டக்டர் டீக்கடைக்குப் போய்விடுவார். நான் என் சீட்டிலேயே உட்கார்ந்து யோசித்துப் பார்ப்பேன். இத்தனை பேர் கேட்கிறார்களே, உண்மையிலேயே எனக்குத் தெரியாமல் ஒரு காரணம் உள்ளே இருக்குமோ என்று தேடிப் பார்ப்பேன். சாமி பயமா என்றால் அதுவும் இல்லை. வருடம் ஒருமுறை குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிறோம். முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான். இளகிய மனசா என்றால், வரப்புத் தகராறில் சொந்த அண்ணனோடு நாலு வருடம் பேசாமல் இருந்தவன். போலீஸ் பயம் என்றும் சொல்ல முடியாது; பயந்தவன் ஒன்பது வருடம் லாரி ஓட்டியிருக்க மாட்டான். நான் அப்படி ஒன்றும் நல்லவன் இல்லை. ரோட்டில் ஒரு பிள்ளை நிற்கிறது. அதன் மேல் வண்டி போய்விடக் கூடாது. எவ்வளவு யோசித்தாலும் அதற்கு அடியில் வேறு எதுவும் எனக்கு அகப்படவில்லை.

ஒரு நாள் கண்டக்டரிடம் இப்படிச் சொன்னேன். வீட்டில் சோறு வடித்த கஞ்சியை வெளியே கொட்டுகிறோம். கொட்டுவதற்கு முன்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிறோம். ஏன் பார்த்தாய் என்று யாராவது கேட்கிறார்களா? அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? அவர் கையிலிருந்த சில்லறையைப் பையில் போட்டார். பிறகு, கஞ்சி வேற, பஸ்ஸு வேறண்ணே என்று சொல்லிவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

ஒரு முகூர்த்த நாளில் விஷயம் முற்றிவிட்டது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் கூட்டம் காத்திருந்த நாள். பின்னால் வந்த வண்டி அந்த வளைவிலேயே எங்களை முந்திக்கொண்டு போய் எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. எங்கள் வண்டி பாதி காலியாகக் கோட்டைப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் முதலாளி என்னை ஷெட்டுக்கு வரச் சொன்னார். ஒரு ஓரமாக நாற்காலியைப் போட்டு என்னையும் உட்கார வைத்தார். என்னை இந்தத் தடத்திலிருந்து எடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகிற வண்டியில் போடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். அந்த வண்டிக்கு மாதத்தில் பாதி நாள் வேலை இருக்காது.

"ஒன்னைய அனுப்ப எனக்கு இஷ்டமில்லப்பா. ஒரே ஒரு காரணம் சொல்லு. நியாயமான காரணமா இருந்தா நான் ஏத்துக்கிறேன்."

"அங்கன பிள்ளைங்க குறுக்க வருது மொதலாளி. யாருக்கும் எதுவும் ஆயிறக் கூடாது."

"அது காரணம் இல்லப்பா. அது எல்லாரும் சொல்றது. ஒனக்குன்னு என்ன இருக்கு, அதச் சொல்லு."

அந்த நிமிடம் எனக்குள் ஏதோ அறுந்துபோனது. பயத்தில் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். வெறுத்துப்போய்ச் சொன்னேன்.

"லாரி ஓட்டுறப்ப ஒரு புள்ளைய அடிச்சிட்டேன் மொதலாளி. ஆந்திராவுல. பாவாடை சட்டை போட்டிருந்துச்சு."

பாவாடை சட்டை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் யோசித்துச் சொல்லவில்லை. தானாக நாக்கில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அந்தப் பிள்ளை கண் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. உடம்பு கொஞ்சம் நடுங்கியது. முதலாளி அந்த நடுக்கத்தைப் பார்த்தார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, நான் என்ன மனுஷன் இல்லையா என்று கேட்டார். நீ இந்த வண்டியிலேயே இரு, ஐந்து நிமிடம் பிந்தினால் பரவாயில்லை, நான் கேட்க மாட்டேன் என்றார்.

ஒரு வாரத்துக்குள் தடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கண்டக்டர் அதன்பிறகு என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. புதிதாக ஏறுகிற யாராவது ஏன் இந்த வண்டி இப்படி ஊர்கிறது என்று சலித்துக்கொண்டால், அவர் குனிந்து அவர்கள் காதில் ஏதோ சொல்லுவார். உடனே அடங்கிவிடுவார்கள். அந்த டீச்சர் பழனிக்குப் போய்விட்டு வந்து எனக்கு விபூதி கொண்டுவந்து கொடுத்தார். கோட்டைப்பட்டினத்தில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஒரு பாய், தர்காவில் ஓதிய கயிறு ஒன்றை என் கையில் கட்டிவிட்டு, அல்லா மன்னிப்பான், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். நல்ல மனிதர். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வளைவு வந்ததும் வண்டிக்குள் பேச்சு நின்றுவிடும். கண்ணாடியில் பார்த்தால் எல்லோருடைய பார்வையும் என் முதுகில் இருக்கும். இல்லவே இல்லாத ஒரு பிள்ளைக்காக அத்தனை பேரும் மௌனமாக வருவார்கள். ஜன்னலுக்கு வெளியே உயிரோடு பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களை ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

செய்தி என் மனைவிக்கும் போனது. ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்தபோது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடம் இதை மனதில் வைத்துக்கொண்டு எப்படி இருந்தீர்கள் என்று கேட்டாள். நான் நடந்ததை அப்படியே சொன்னேன். முதலாளி காரணம் கேட்டார், உண்மையைச் சொன்னேன், அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, அதனால் ஒரு பொய் சொன்னேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"இல்லாத புள்ளைய ஒருத்தரு வாயால சாகடிப்பாரா?"

அவள் நம்பினாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வருடத்திலிருந்து ஆடி அமாவாசை அன்று பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பாவாடை சட்டை எடுத்துக் கொடுக்கிறாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. கல்லூரியில் படிக்கிற எங்கள் மகள் ஒருமுறை கேட்டாள். சும்மாதான் என்று அவள் சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் எங்கள் முதலாளியின் இன்னொரு வண்டியை இதே தடத்தில் ஓட்டுகிற தம்பி ஒருவர் இருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். அமைதியான ஆள். ஒரு நாள் ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்து நின்றார்.

"அண்ணே, நானும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கிட்ட மெதுவாப் போகலாம்னு மொதலாளிகிட்ட கேட்டேன். அவருக்குக் காரணம் இருக்கு, ஒனக்கு என்ன இருக்குன்னு கேக்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க தம்பி?"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. சும்மா, பிள்ளைங்க போகுதேன்னுதான் கேட்டேன்."

நான் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தேன். என் பொய் என்னைக் காப்பாற்றியது. ஆனால் அதே பொய், சும்மா மெதுவாகப் போக நினைத்த ஒருவருடைய வழியை அடைத்துவிட்டது. இனி இந்தத் தடத்தில் யாராவது மெதுவாகப் போக வேண்டுமென்றால் கணக்கில் ஒரு சாவு இருந்தாக வேண்டும். அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவன் நான்.

மறுநாளே முதலாளியைப் போய்ப் பார்த்தேன். நான் சொன்னது பொய், ஆந்திராவிலும் எங்கேயும் நான் யாரையும் அடித்ததில்லை, அந்தத் தம்பி கேட்பதும் நான் கேட்டதும் ஒன்றுதான் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் புரியுதுப்பா. சொன்ன பெறகு அது இன்னும் வலிக்கும். இல்லன்னு சொல்லிட்டா ஆறிரும்னு நெனைக்கிற. விடு. இனிமே நான் யார்கிட்டயும் இதப் பேச மாட்டேன்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய அவர் முகத்தில் இரக்கம்தான் கூடியது. உண்மையைச் சொன்னபோது காரணம் இல்லை என்றார். பொய்யைச் சொன்னபோது ஏற்றுக்கொண்டார். பொய்யைத் திரும்ப எடுக்கப் போனால் எனக்கு ஆறுதல் சொல்லுகிறார். ஷெட்டை விட்டு வெளியே வந்து ரோட்டோரம் நின்றுகொண்டு, எதன் மேல் எறிவது என்று தெரியாமல் ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே போட்டுவிட்டேன்.

அந்தத் தம்பி கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு சிங்கப்பூர் போய்விட்டார். இதனால்தான் போனார் என்று சொல்ல முடியாது, எப்படியும் போயிருப்பார். போவதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மனு எழுதியிருந்தோம். வளைவில் பழையபடி வேகத்தடை போட வேண்டும் என்று. வேகத்தடை வந்துவிட்டால் எல்லா வண்டியும் மெதுவாகப் போகும், எந்த டிரைவரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது எங்கள் எண்ணம். கடைசியில் நான் மட்டும்தான் அதை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைத் துறை ஆபீசுக்குப் போனேன். எனக்கு வாராந்திர ஓய்வு நாள் அது. மேஜையில் இருந்தவர் மனுவை முழுக்கப் படித்தார். படிக்காமல் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. படித்துவிட்டு நிமிர்ந்து, அந்த இடத்தில் விபத்து ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டார்.

ஒரு ஆடு செத்தது என்றேன். ஆடு கணக்கில் வராது என்றார். மனிதர்கள் யாராவது, ஒரு கேஸாவது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டார். எனக்கு வாய் வரை வந்துவிட்டது. ஒரு சின்னப் பெண், பாவாடை சட்டை போட்டிருந்தாள் என்று இந்தத் தடவையும் சொல்லிவிடலாம். சொன்னால் ஒருவேளை வேகத்தடைகூட வந்துவிடலாம். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இதுவரைக்கும் எதுவும் நடக்கல சார். நடக்கக் கூடாதுன்னுதான் கேக்குறோம்."

"அப்ப எந்த அடிப்படையில போடச் சொல்றீங்க? ஒரு காரணம் எழுதணும்ல. அப்படி எதுவும் நடந்துச்சுன்னா வாங்க, உடனே பாக்கலாம்."

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உதவி செய்கிற மாதிரிதான் சொன்னார். மனுவில் ஒரு முத்திரை குத்தி நகலை என்னிடம் கொடுத்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வெயில் கொளுத்தியது. எங்கள் வண்டி அன்று வேறு ஒரு டிரைவரோடு ஸ்டாண்டில் நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, இங்கிட்டு எங்கண்ணே என்று கேட்டார். சும்மா என்றேன். வாங்க, ஏறுங்க என்றார்.

பயணியாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அந்த வளைவில் அன்றைய டிரைவர் டாப் கியரிலேயே வண்டியை எடுத்தார். ஹாரன் காதைப் பிளந்தது. மத்தியானம் என்பதால் ரோட்டில் பிள்ளைகள் யாரும் இல்லை. ஒரு வயதான அம்மா மட்டும் கீரைக்கட்டோடு ஓரமாக ஒதுங்கி, சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியில் இருந்த யாரும் ஒன்றும் கேட்கவில்லை.